பழைய நாடக நோட்டீஸ் சேர்க்கிறீர்களா? இவற்றைத் தவிருங்கள்

போன மாதம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். மதுரைப் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில் இருபது நாடக நோட்டீஸ்கள் ஒரே கட்டாகக் கிடைத்ததாம். ரோஸ், மஞ்சள், பச்சை என்று மெல்லிய தாள்கள். அதில் பன்னிரண்டை லேமினேட் செய்து, ஓரம் நறுக்கிக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியம். ஈரக் கையோடு தொடாதே, வெயிலில் வைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

லேமினேஷன்

எனக்கு முதலில் கிடைத்த நல்ல நோட்டீஸ், ஒரு ஸ்பெஷல் நாடகத்துடையது. வள்ளி திருமணம். ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் என்கிற கதாநாயகன் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி வேறோர் ஊர், ஆர்மோனியம் இன்னோர் ஊர். இரவு மேடையில் சேர்ந்து, விடிந்ததும் பிரிந்துவிடுவார்கள். யாரோடு யார் எங்கே நடித்தார் என்பதற்கு அந்தத் தாளை விட்டால் பல சமயம் வேறு சாட்சியே இல்லை.

மடிப்பு கிழிகிறதே என்று பயந்து கடையில் கொடுத்தேன். கடைக்காரர் நல்ல எண்ணத்தோடுதான், பிசிறடித்த கீழ் ஓரத்தை ஒரு விரல் அகலம் வெட்டிவிட்டு மெஷினில் விட்டார். அச்சக வரி இருந்தது அந்த ஒரு விரல் அகலத்தில்.

அன்றைக்கு இருந்த 1867ஆம் வருஷச் சட்டப்படி அச்சடித்தவர் பெயரும் ஊரும் தாளில் இருந்தாக வேண்டியிருந்தது. நோட்டீஸில் அது அடியில், பொடி எழுத்தில் வரும். "வருகிற சனிக்கிழமை இரவு" என்று மேலே கொட்டை எழுத்தில் இருக்கும். வருஷம் பெரும்பாலும் இருக்காது. அடுத்த வாரம் நடக்கிற நாடகத்துக்கு வருஷம் எதற்கு? அதனால் எந்த அச்சகம், எந்தத் தெருவில் இருந்தபோது அடித்தது என்பதை வைத்துத்தான் காலத்தை நெருங்க முடியும். அந்த வழியை நானே அடைத்துவிட்டேன்.

சூட்டில் உருகும் பசை தாளின் நாருக்குள் இறங்கிவிடும். பிரிக்கப் போனால் மையும் பிளாஸ்டிக்கோடு உரிந்து வரும். நோட்டீஸ் தாள் மலிவான மரக்கூழ்த் தாள். நாள்பட அதில் அமிலம் ஊறும், வெளியேற வழியில்லாமல் உள்ளேயே இருந்து அரிக்கும். என் வள்ளி திருமணம் பளபளப்புக்குள் பழுப்பேறிக் கிடக்கிறது. தம்பி இன்னும் ஒரு படி மேலே போய், காசு மிச்சம் பிடிக்க இரண்டிரண்டு தாளை முதுகோடு முதுகாக ஒட்ட வைத்திருக்கிறார். ஒன்றின் பின்பக்கம் யாரோ பென்சிலில் எழுதிய வசூல் கணக்கு மங்கலாகத் தெரிகிறது. படிக்க முடியவில்லை. இனி யாராலும் முடியாது.

மைலார் என்கிற பாலியெஸ்டர் உறை, இரண்டு பக்கம் திறந்தது, வாங்குங்கள். பின்னால் அமிலமில்லாத அட்டை. படுக்க வையுங்கள். வேண்டும்போது உருவி எடுக்கலாம்.

செலோ டேப்

கூடவே கூடாது.

வருஷத்தை ஊகித்துத் தாளிலேயே எழுதுவது

தேதியும் கிழமையும் 5, 6, 11 வருஷங்களில் திரும்பப் பொருந்தும். ஆங்கிரஸ என்கிற தமிழ் வருஷம் 1932இலும் வந்தது, 1992இலும் வந்தது. முதலில் எல்லைகளைப் போடுங்கள். நடிகர் வரிசையில் எஸ்.ஜி. கிட்டப்பா இருந்தால் 1933ஐத் தாண்டாது. அந்த டிசம்பரில் அவர் காலமானார். டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் கம்பெனியான ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா என்றால் 1925க்கு முன் போகாது. நாற்காலி, பெஞ்சு, தரை என்று கட்டணம் அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தையது, அந்த ஏப்ரலில் நயா பைசா வந்தது. ஊகத்தைத் தனிச் சீட்டில், பென்சிலில் எழுதுங்கள்.

பூச்சி மருந்து

தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்குப் பயந்து தாளின் மேல் எதையும் தூவாதீர்கள். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள்.

கட்டைப் பிரிப்பது

ஒரே வீட்டிலிருந்து வந்த கட்டில் ஒரு தாள் இன்னொன்றின் காலத்தைச் சொல்லும். கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் காலமான பிறகு அவருடைய சேகரிப்பு சிதறாமல் சென்னையில் நூலகமானதால்தான் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது. அழகான ரோஸ் தாளை மட்டும் உருவி மாற்றிக்கொள்ளாதீர்கள்.

தம்பி, மீதி எட்டு நோட்டீஸ்களை என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். ஏழில் அச்சக வரி முழுசாக இருக்கிறது. எட்டாவதன் அடி ஓரம் உள்பக்கமாக மடிந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஈரப்பதம் காட்டி அதைப் பதமாகப் பிரிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.