தொப்பை குறையணும், தோள் ஏறணும்: புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு வழி

"ஒரே மாதத்தில் 10 கிலோ குறைக்கலாம்" என்ற நோட்டீசை மின்கம்பத்தில் பார்த்திருப்பீர்கள். அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. 10 கிலோ என்றால் 77,000. முப்பது நாளில் கரைய வேண்டுமென்றால் தினம் 2,500 கலோரிக்கு மேல் பற்றாக்குறை விழ வேண்டும். நம்மில் பலருக்கு ஒரு நாள் முழுக்கத் தேவைப்படுவதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது, மாதம் முழுக்கப் பட்டினி கிடந்தால்தான் அந்த நோட்டீஸ் உண்மையாகும். அப்படிக் கிடந்தாலும் போவது கொழுப்பு மட்டுமில்லை. தண்ணீரும் தசையும் சேர்ந்தே போகும்.

நான் சொல்லப்போவது மூன்று மாதக் கணக்கு. சோற்றை ஒழிக்க வேண்டாம், பிரியாணிக்கு முழுக்குப் போட வேண்டாம். குறைப்பதைக் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். தூக்குவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் என்று ஏதாவது தொந்தரவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லாரும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். சாப்பாட்டைக் குறைத்து மருந்தை அப்படியே வைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். மருத்துவரைப் பார்த்து நாளாகிவிட்டது என்றால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தமும் சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 1: அளந்து எழுதுங்கள்

தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று போதும். காலையில் வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். இந்தியர்களுக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. தாண்டினால் ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள். எடையை வாரத்தில் மூன்று காலை பார்த்துச் சராசரி எடுங்கள். ராத்திரி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டால் மறுநாள் காலை எடை மெஷின் முள் ஒரு கிலோ ஏறி நிற்கும். அது உப்பு பிடித்துவைத்த தண்ணீர், கொழுப்பு இல்லை. அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குக் காலை டிபனை வெட்டுவது வீண் வேலை.

வாரத்துக்கு உங்கள் எடையில் அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் குறைந்தால் நல்ல வேகம். 80 கிலோ ஆளுக்கு 400 முதல் 800 கிராம்.

படி 2: தட்டில் கை வையுங்கள்

கலோரி எண்ணும் ஆப் எல்லாம் முதல் மாதத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று இடத்தில் பிடித்தால் போதும்.

முதலில் எண்ணெய். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் தீர்கிறது என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிக்கு மேல் போகிறது. கலோரியில் 340 பக்கம். அதை 3 லிட்டராக்கினால் ஆளுக்குத் தினம் 140 கலோரி சத்தமில்லாமல் குறையும். யாருடைய தட்டிலும் எதுவும் குறைந்ததாகத் தெரியாது. பாக்கெட்டிலிருந்து நேராகச் சட்டியில் ஊற்றாமல் ஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது டீ. ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கலோரி. துறைமுகத்திலோ பட்டறையிலோ வேலை செய்பவர் நாளைக்கு ஐந்து டீ குடித்தால் சர்க்கரை மட்டுமே 200. "சர்க்கரை கம்மியா" என்று சொல்லிப் பழகுங்கள். கூடவே வரும் பஜ்ஜியைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அப்புறம் சோறு. மதியம் நீங்கள் வழக்கமாகப் போடுவதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கீரை, பொரியல், கூட்டு. ராத்திரிக்கும் இதே விதி. குழம்பில் காய் நிறைய இருந்தால் வயிறு ஏமாறாது.

வெளியில் சாப்பிடும்போது? சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் போய் அத்தோவை (பர்மா நூடுல்ஸ்) பார்த்துவிட்டுச் சும்மா திரும்பச் சொன்னால் நான் மனுஷனே இல்லை. ரெண்டு பேருக்கு ஒரு தட்டு வாங்குங்கள், கூட முட்டை சேர்த்துக்கொள்ளுங்கள், வாழைத்தண்டு சூப்பை இன்னொரு கிண்ணம் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் கறித்துண்டைக் கூட்டிச் சோற்றைக் குறையுங்கள். மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

படி 3: புரதத்துக்குக் காசிமேடு போங்கள்

எடை குறையும்போது உடம்பு கொழுப்போடு தசையையும் கரைக்கப் பார்க்கும். அதைத் தடுப்பவை ரெண்டே விஷயங்கள்: போதிய புரதம், பாரம் தூக்குவது. இதில் ஒன்றை மட்டும் செய்தால் அரைக் கிணறு தாண்டிய கதை.

எவ்வளவு புரதம்? உயரத்தைச் செ.மீ.யில் எடுத்து அதிலிருந்து 100 கழியுங்கள். வரும் எண்ணை 1.2 முதல் 1.6 வரையால் பெருக்குங்கள். 170 செ.மீ. உயரம் என்றால் 70; அதாவது தினம் 84 முதல் 112 கிராம் புரதம். 90 என்று வைத்துக்கொள்வோம்.

காலை மூன்று இட்லி, ரெண்டு அவித்த முட்டை: 18 கிராம். மதியம் சோறு, பருப்பு, சுத்தம் செய்த மீன் 150 கிராம்: 35 பக்கம். சாயங்காலம் ஒரு கிண்ணம் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல்: 12, 13. ராத்திரி ரெண்டு சப்பாத்தியோடு இன்னும் ரெண்டு முட்டை: 18. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால்: 6. கூட்டிப் பாருங்கள், 90 வந்துவிட்டது. இதில் டப்பா பவுடர் எங்கேயும் இல்லை.

மீன் என்றதும் வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி, சங்கரா எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு 18 முதல் 20 கிராம் புரதம் உண்டு. வஞ்சிரத்திலும் ஏறக்குறைய அதேதான். மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் ஒமேகா 3 கொழுப்பு நிறைய. விடிகாலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் கூறு வைத்து விற்பார்கள். சுத்தம் செய்து கொடுக்க அங்கேயே ஆள் உண்டு. முழு மீனாக ஒரு கிலோ வாங்கினால், தலை, செதில், குடல் போக வீட்டுக்கு வருவது அதைவிடக் குறைவு என்பதையும் கணக்கில் வையுங்கள். பொரிப்பதைவிடக் குழம்போ, தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் சுடுவதோ நல்லது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், மீன் விலை ஏறிவிடும். அப்போது முட்டை, கோழி, கொழுப்பில்லாத பீப், சோயா உருண்டை. உலர்ந்த சோயாவில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. 30 கிராம் ஊறவைத்தால் ஒரு ஆளுக்குத் தாராளம். கருவாட்டிலும் புரதம் அதிகம்தான், ஆனால் உப்பு அதைவிட அதிகம். பிரஷர் உள்ளவர்கள் வாசனையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 4: வாரம் மூன்று நாள் தூக்குங்கள்

ஒருநாள் விட்டு ஒருநாள்: திங்கள், புதன், வெள்ளி. முக்கால் மணி நேரம் போதும். மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடங்கள் பல பகுதிகளில் இருக்கின்றன. தனியார் ஜிம்முக்குப் பணம் கட்ட முடிந்தால் அதுவும் சரி. ரெண்டும் இல்லையென்றால் மொட்டை மாடி.

உட்கார்ந்து எழுவது: பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வைத்துக்கொண்டு, அதைத் தொட்டதும் எழுங்கள். குதிகால் தரையை விட்டு எழக்கூடாது. சுலபமாகிவிட்டால் ரேஷன் அரிசி ஐந்து கிலோவைப் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். (தின்பதற்கு முன் தூக்கிவிடுங்கள்.)

தள்ளுவது: நேராகத் தரைத் தண்டாலுக்குப் போகாதீர்கள். முதலில் மாடியின் உறுதியான கைப்பிடிச் சுவரில் கை ஊன்றி, பிறகு படிக்கட்டில், பிறகு தரையில். தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடு. இடுப்பு தொங்கினால் அன்றைக்கு அதோடு போதும்.

இழுப்பது: ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறு கையால் அரிசிப் பையை இடுப்புப் பக்கம் இழுங்கள். முழங்கை உடம்பை ஒட்டிப் போக வேண்டும்.

எடுப்பது: இதற்குத் தண்ணீர் கேன் இருக்கிறது. 20 லிட்டர் கேன் நிரம்பியிருந்தால் 20 கிலோவுக்கு மேல் வரும். அதனால் பாதித் தண்ணீரோடு, மூடியை இறுக்கித் தொடங்குங்கள். கேன் ரெண்டு காலுக்கும் நடுவில் இருக்கட்டும். முதுகை வளைக்காமல் இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக் கேனின் கழுத்தைப் பிடியுங்கள். உள்ளே தண்ணீர் ஒரு பக்கம் ஆடும். ஆட்டம் அடங்கிய பிறகு, மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்கி, காலால் தரையை அழுத்தி எழுங்கள். எழுந்தபின் மூச்சை விடலாம். பிரஷர் உள்ளவர்கள் மட்டும் மூச்சை அடக்காமல் எழும்போதே விட வேண்டும். பாரம் தொடையின் பின்பக்கமும் பிட்டத்திலும் தெரிய வேண்டும். இடுப்பெலும்பில் சுருக்கென்றால் கேனை வைத்துவிடுங்கள்.

ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, முதல் ரெண்டு வாரம் ரெண்டு சுற்று, பிறகு மூன்று. சுற்றுக்கு இடையே ஒன்றரை நிமிடம் ஓய்வு. இன்னும் ரெண்டு முறை செய்ய முடியும் என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். எல்லாச் சுற்றிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை ஒன்றிரண்டு கிலோ கூட்டுங்கள். தசை வளர்வதன் ரகசியம் இந்தக் கூட்டலில்தான் இருக்கிறது. அதனால் எத்தனை கிலோ, எத்தனை தடவை என்று நோட்டில் எழுதியே ஆக வேண்டும். ஜிம்மில் பக்கத்து ஆள் "இன்னும் ரெண்டு தட்டு போடுப்பா" என்பார். "அடுத்த வாரம் பார்க்கலாம்ண்ணா" என்று சொல்லிவிடுங்கள்.

ரெண்டாம் நாள் வலி அதிகமாக இருக்கும், மூன்று நாளில் போய்விடும். மூட்டில் வலி, வீக்கம் என்றால் அது வேறு விஷயம், காட்டிவிடுங்கள்.

பெண்களுக்கும் இதே பயிற்சிதான். எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடும் என்பது சும்மா பேச்சு. அந்த அளவு தசை போடத் தேவையான டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பெண் உடம்பில் இல்லை. அடி பம்பிலிருந்து ரெண்டு மாடி குடம் தூக்கும் அக்காக்களிடம் போய் எடை தூக்காதீர்கள் என்று யார் சொல்வது?

படி 5: நடங்கள்

வாரம் 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் வேகம். எண்ணூர் விரைவுச் சாலை ஓரம் வேண்டாம், கண்டெய்னர் லாரிப் புகைதான் மிஞ்சும். பூங்கா, பள்ளி மைதானம் பாருங்கள். மே மாதத்தில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

படி 6: குறுக்கு வழி வேண்டாம்

வடசென்னையில் பாக்சிங் ஊறிப்போயிருக்கிறது, பெருமைதான். ஆனால் எடைப் பிரிவுக்குள் வரப் போட்டிக்கு முன் பாக்சர்கள் வியர்வை வடிய ஓடுவதைப் பார்த்து, பிளாஸ்டிக் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஓடும் தம்பிகள் இருக்கிறார்கள். போவது தண்ணீர், ரெண்டு பாட்டில் குடித்ததும் திரும்பிவிடும். நம்ம வெயிலில் வெப்பத் தாக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து.

புரதப் பவுடரின் ஒரு கரண்டியில் இருப்பது ஏறக்குறைய நாலு முட்டையின் புரதம். தசை ஏற்றப் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்லி 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியே சொல்கிறது. தசை ஏற்றப் போடும் ஊசி பற்றி ஒரே வார்த்தை: போடாதீர்கள். ஸ்டீராய்டு போட்டால் விரை சுருங்கும், விந்தணு குறையும், மார்பு பெண்மார்பு போலப் பெருக்கலாம், கல்லீரலும் இதயமும் கெடும். மாஸ்டரே கொடுத்தாலும் வேண்டாம்.

தூக்கம் 7 மணி நேரம். நைட் ஷிப்ட் ஆள் என்றால் பகலில் ஜன்னலை மறைத்துத் தூங்குங்கள். தூக்கம் கெட்டால் பசி கூடும்.

படி 7: நின்றுபோனால்

ஒன்றரை, ரெண்டு மாதத்தில் எடை நின்றுவிடும். அப்போது இடுப்பளவைப் பாருங்கள். எடை நின்று இடுப்பு குறைந்தால் கொழுப்பு போய்த் தசை வருகிறது. எதையும் மாற்ற வேண்டாம். புதிதாகத் தொடங்குபவருக்கு ரெண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். மூன்று வாரமாக ரெண்டுமே நகரவில்லை என்றால் நாளைக்கு 150 முதல் 200 கலோரி குறையுங்கள்: ஒரு கரண்டி சோறு, ஒரு ஸ்பூன் எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம். கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருப்பவர் சாப்பாட்டைக் குறைக்கவே வேண்டாம். புரதத்தைக் கூட்டி எடை தூக்கினால் போதும்.

நோட்டைப் புரட்டும்போது, தூக்கும் எடை ரெண்டு வாரமாக இறங்கிக்கொண்டே வந்தால், தூக்கமும் சரியாக இருந்தால், சாப்பாட்டை அளவுக்கு மீறி வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். மதியம் ஒரு கரண்டி சோற்றைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.