பவர் மீட்டருக்கு ஜோடியாக சைக்கிள் கம்ப்யூட்டர்: வாங்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

நாம் மிதிக்கும் பலத்தை வாட்ஸில் அளக்கும் பவர் மீட்டரை வாங்க நினைப்பவர்கள் ஆறு மாதம் யோசிப்பார்கள். கிராங்கில் (பெடலைத் தாங்கும் கையில்) வைப்பதா, பெடலில் வைப்பதா, ஒரு பக்கம் போதுமா, இரண்டு பக்கமும் வேண்டுமா என்று தெரிந்தவர்கள் எல்லோரையும் தொல்லை செய்வார்கள். அப்புறம் கையில் மிஞ்சிய காசுக்கு, அந்த எண்ணைத் திரையில் காட்ட ஹேண்டில்பாரில் மாட்டும் கம்ப்யூட்டரை, ஆஃபரில் எது கிடக்கிறதோ அதைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடுவார்கள். இன்னொரு ரகமும் உண்டு: மீட்டர் சுமாரானதாக இருக்கும், ஹேண்டில்பாரில் மட்டும் கைபேசி அளவுக்கு ஒரு பெரிய கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும். நான் இரண்டு தப்பையும் செய்தவன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கம்ப்யூட்டர் வாட்ஸை அளப்பதில்லை. கிராங்கோ பெடலோ அழுத்தத்தில் நூலளவு வளைவதை, அதில் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் உணர்கிறது. அந்த விசையையும் மிதி சுற்றும் வேகத்தையும் பெருக்கி, வாட்ஸ் கணக்கு மீட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் அந்த எண்ணை வானொலி மாதிரி வாங்கிக் காட்டுகிறது, நோட்டுப் புத்தகம் மாதிரி எழுதி வைக்கிறது. ±1 சதவீதம், ±2 சதவீதம் என்று பெட்டியில் போடும் துல்லியம் மீட்டருடையது. விலை கூடிய கம்ப்யூட்டர் போட்டால் வாட்ஸ் சரியாக வரும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அப்படியென்றால் எதை வாங்கினாலும் ஒன்றுதானா? இல்லை. எண்ணை வாங்குவதிலும், காட்டுவதிலும், எழுதி வைப்பதிலும்தான் கோளாறு எல்லாம் இருக்கிறது.

பவர் மீட்டரே தெரியாத கம்ப்யூட்டர்

பெரிய பிராண்டு, வண்ணத் திரை, வரைபடம் எல்லாம் இருக்கிறது, பவர் மீட்டரையும் ஏற்கும் என்று நாமாக நினைத்துக்கொள்வதுதான் முதல் சறுக்கல். கார்மினின் முதல் எட்ஜ் எக்ஸ்ப்ளோர் வரைபடம் காட்டும், இதயத் துடிப்பும் காட்டும்; பவர் மீட்டரை மட்டும் ஏற்காது. 2022-இல் வந்த எக்ஸ்ப்ளோர் 2 ஏற்கும். அதற்கும் முந்திய எட்ஜ் 25-ம் ஏற்காது. கைக்கடிகாரத்திலும் இதே கதைதான்: ஃபோர்ரன்னர் 245-க்குப் பவர் மீட்டர் தெரியாது, 255-க்குத் தெரியும். பழைய பொருளை விற்கிறவர் ‘ஆன்ட் பிளஸ் இருக்கு சார்’ என்பார். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் ஆன்ட் பிளஸ் என்பது சென்சார்கள் கம்பியில்லாமல் தகவல் அனுப்பும் ஒரு பாதை மட்டும். அந்தப் பாதையில் எந்தெந்தச் சென்சாரை உள்ளே விடுவது என்பதை ஒவ்வொரு மாடலிலும் கம்பெனி முடிவு செய்கிறது. மாடல் பெயரைப் போட்டு, ஆதரிக்கும் சென்சார் பட்டியலில் ‘பவர்’ என்ற சொல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரே வேண்டாம், கைபேசி போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டங்களைப் பதிவு செய்ய பலரும் பயன்படுத்தும் ஸ்ட்ராவா, 2019-இல் தன் கைபேசிச் செயலியிலிருந்து சென்சார் இணைப்பை எடுத்துவிட்டது. இதயத் துடிப்பு மட்டும் பிறகு திரும்பி வந்தது. வேறு செயலிகள் இருக்கின்றன. ஆனால் மே மாத வெயிலில் ஹேண்டில்பாரில் கட்டிய கைபேசி கொதித்து, திரை தானாக மங்கிப்போவதை ஒரு தடவை பார்த்தவர்கள் மறுபடி அதைச் செய்வதில்லை.

ஆன்ட் பிளஸ்ஸா, புளூடூத்தா

இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைதான், குணம்தான் வேறு. ஆன்ட் பிளஸ்ஸில் மீட்டர் பொதுவில் கத்திக்கொண்டே இருக்கும். எத்தனை பேர் வேண்டுமானாலும் கேட்கலாம். கம்ப்யூட்டர், கைக்கடிகாரம், பக்கத்தில் இருப்பவரின் கம்ப்யூட்டர் என்று எல்லாமே. புளூடூத்தில், குறிப்பாகப் பழைய மீட்டர்களில், ஒரு நேரத்தில் ஒருவருடன் மட்டும்தான் பேச்சு. மீட்டர் கம்பெனியின் செயலி கைபேசியின் பின்னணியில் திறந்தே கிடக்கும். இங்கே கம்ப்யூட்டர் ‘சென்சார் கிடைக்கவில்லை’ என்று புலம்பும். மீட்டர் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும். கைபேசியின் புளூடூத்தை அணைத்தால் தீரும் நோய் அது.

இதனால் நீண்ட காலமாக ‘ஆன்ட் பிளஸ் இருந்தால் போதும்’ என்பதுதான் பொது அறிவுரை. இப்போது அதை அப்படியே சொல்ல முடியாது. ஆன்ட் பிளஸ்ஸை வைத்திருக்கும் கார்மினே அதன் சான்றளிப்புத் திட்டத்தை 2025 நடுவில் நிறுத்திவிட்டது. இன்றைக்குக் கையில் இருக்கும் மீட்டர்கள் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஆனால் புதிதாக வாங்கும் கம்ப்யூட்டரில் இரண்டு பாதையும் இருக்கட்டும். அடுத்த மீட்டர் எந்தப் பாதையில் வரும் என்று இன்று சொல்ல முடியாது.

கூட்டத்தில் முதல் முறையாக இணைக்காதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய மறுநாள் விடிகாலை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருபது சைக்கிள்கள் கிளம்பத் தயாராக நின்றபோது, திரையில் ‘பவர் மீட்டர் கிடைத்தது, இணைக்கவா?’ என்று வந்தது. தூக்கக் கலக்கத்தில் சரி என்று தட்டிவிட்டேன். முட்டுக்காடு பாலத்தில் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கிறேன், திரையில் 240 வாட்ஸ் ஓடுகிறது. முன்னால் போன நண்பர் ஏற்றத்துக்காக எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தார். அவர் கொஞ்சம் தள்ளிப் போனதும் எண் மறைந்து இரண்டு கோடு மட்டும் நின்றது. வீட்டிலேயே, வேறு சைக்கிள் இல்லாத இடத்தில், மீட்டரின் மேலோ பெட்டியிலோ அச்சிட்டிருக்கும் அடையாள எண்ணைச் சரிபார்த்து இணைப்பது ஒரு நிமிட வேலை. அந்த எண்ணைக் காட்டாமல், ‘பவர்’ என்று மட்டும் சொல்லி இணைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது.

இல்லாத தகவலுக்குக் காசு

விலை கூடிய மாடல்களின் விளம்பரத்தில் இடது–வலது சமநிலை, பெடலில் எந்தக் கோணத்தில் விசை விழுகிறது, உட்கார்ந்து மிதித்தது எவ்வளவு, எழுந்து நின்று மிதித்தது எவ்வளவு என்றெல்லாம் அழகான வட்டப் படங்கள் வரும். இவற்றில் பலவும் இரண்டு பக்கமும் அளக்கும் மீட்டர் இருந்தால்தான் வரும், சில பெடல் மீட்டரில் மட்டும்தான். நம்மில் பலரிடம் இருப்பது இடது கிராங்கில் மட்டும் ஒட்டிய மீட்டர். அது இடது காலின் அளவை இரண்டால் பெருக்கி அனுப்புகிறது, அவ்வளவுதான். உங்கள் இடது கால் உண்மையில் 48 சதவீத வேலை செய்தால், 200 வாட்ஸ் போடும்போது திரையில் 192 வரும். எந்தக் கம்ப்யூட்டராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. வலது காலைப் பற்றி அதற்கு யாரும் எதுவும் சொல்லவே இல்லை. ஒற்றைப் பக்க மீட்டர் வைத்துக்கொண்டு அந்த வட்டப் படங்களுக்காக அதிக விலை கொடுப்பது வீண்.

இரட்டைப் பெடல் வைத்திருப்பவர்கள் வேறு ஒன்றைப் பார்க்க வேண்டும்: கிராங்க் நீளம். பெடலுக்கு விசை தெரியும், நெம்புகோலின் நீளம் தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும், கம்ப்யூட்டரிலோ மீட்டரின் செயலியிலோ. உங்கள் கிராங்க் 165 மில்லிமீட்டர், அமைப்பில் 172.5 என்று இருந்தால், 200 வாட்ஸ் போடும்போது 209 என்று காட்டும். ஒன்பது வாட்ஸ் இனாமாகக் கிடைப்பது சந்தோஷம்தான், சைக்கிளை விற்று வேறொன்றில் பெடலை மாட்டும் வரை.

பூஜ்யம் படுத்தும் பாடு

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். கம்ப்யூட்டர்கள் உண்மையிலேயே வேறுபடுவது இங்கேதான். கடையில் யாரும் இதைச் சொல்லவும் மாட்டார்கள்.

ஒரு மணி நேரம் ஓட்டுகிறீர்கள். 45 நிமிடம் 200 வாட்ஸில் மிதிக்கிறீர்கள், 15 நிமிடம் இறக்கத்திலும் சிக்னலுக்கு முன்பும் மிதிக்காமல் உருளுகிறீர்கள். சராசரி எவ்வளவு? பூஜ்யங்களைச் சேர்த்தால் 150. விட்டுவிட்டால் 200. பல கம்ப்யூட்டர்களில் இதை மாற்ற ஓர் அமைப்பு இருக்கும். பவருக்குப் பூஜ்யத்தைச் சேர்க்க வேண்டும். மிதி வேகத்துக்குச் சேர்க்கக் கூடாது. இரண்டையும் தனித்தனியாக வைக்க முடிகிறதா என்று பாருங்கள்.

பதிவு செய்யும் இடைவெளியும் அப்படித்தான். கார்மினில் ‘ஸ்மார்ட்’ பதிவு என்று ஒன்று உண்டு. திசை, வேகம் மாதிரி ஏதாவது மாறும்போது மட்டும் ஒரு புள்ளியை எழுதிக்கொள்ளும். வெறும் ஜி.பி.எஸ். தடத்துக்கு அது போதும். பவர் நொடிக்கு நொடி குதிக்கிற பொருள். நடுவில் விட்டுப்போன நொடிகளை எந்த மென்பொருளும் திருப்பிக் கொண்டுவராது. ஒரு நொடிக்கு ஒரு பதிவு என்று வைத்துவிடுங்கள். அந்த வசதியே இல்லாத கம்ப்யூட்டர் என்றால், பவர் மீட்டர் வைத்திருப்பவருக்கு அது ஆகாது.

அதே குதிப்புதான் திரையிலும். உடனடி பவரை அப்படியே காட்டினால் 170, 245, 190 என்று ஆடிக்கொண்டே இருக்கும், எதைப் பிடித்து ஓட்டுவது என்றே தெரியாது. மூன்று நொடிச் சராசரி கண்டிப்பாக வேண்டும். நீண்ட ஏற்றத்துக்குப் பத்து நொடியோ முப்பது நொடியோ இருந்தால் நல்லது. இன்னொன்று லேப் சராசரி, அதாவது லேப் பொத்தானை அழுத்திய நொடியிலிருந்து எடுக்கும் சராசரி. 20 நிமிடச் சோதனை செய்து, அதில் 95 சதவீதத்தை எஃப்.டி.பி. (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய பவர்) என்று எடுத்துக்கொள்கிறோமே, அந்தச் சோதனையில் நமக்குத் தேவையான ஒரே எண் லேப் பவர்தான். பவரின் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் எடுக்கும் நார்மலைஸ்டு பவர் ஓடும்போதே தெரிந்தால் சுகம். இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்துக்கொள்ளலாம். முப்பது நொடி நகரும் சராசரியை நான்காம் அடுக்குக்கு ஏற்றி, சராசரி எடுத்து, மறுபடி மூலத்துக்கு இறக்கும் அந்தக் கணக்கை மூச்சு வாங்கும்போது பார்த்து என்ன செய்யப்போகிறோம்?

மீட்டரைப் பூஜ்யமாக்கும் வேலையும் கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடக்கிறது. பட்டியலில் ‘கேலிப்ரேட்’ என்று இருக்கும். உண்மையில் அது செய்வது, மிதியில் பாரம் இல்லாதபோது இதுதான் பூஜ்யம் என்று மீட்டருக்குச் சொல்வது. அந்த வசதி கம்ப்யூட்டரிலேயே இருக்க வேண்டும். கொல்லிமலைக்கு ஏ.சி. காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், அடிவாரத்தில் இறக்கிய கையோடு பூஜ்யமாக்கினால், குளிர்ந்த உலோகத்தின் பூஜ்யம்தான் பதிவாகும். பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே நிற்கட்டும், ஒரு டீ குடியுங்கள், அப்புறம் காலை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். செய்து முடித்ததும் வரும் எண்ணைக் காட்டும் கம்ப்யூட்டர் நல்லது. தினமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வந்த எண் ஒரு நாள் திடீரென்று எங்கோ போனால், எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே மீட்டரில் ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும்.

திரை, பேட்டரி

தொடுதிரை கடையில் பார்க்க அழகு. நம் ஊர் வியர்வை ஒரு சொட்டு விழுந்தால் பக்கம் தானாகப் புரளும். மழை என்றால் கேட்கவே வேண்டாம். இன்டர்வெல் பயிற்சி (வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றி மிதிப்பது) நடுவில் லேப் அடிக்கப் பொத்தான் வேண்டும் என்பது என் கட்சி. எட்ஜ் 540 பொத்தான் மட்டும், 840 இரண்டும். வாஹூவின் போல்ட்டும் பொத்தான்தான். திரையில் எந்த எண் எங்கே வர வேண்டும் என்பதைக் கைபேசியிலேயே அடுக்கிவிடலாம் என்பது அதன் தனிச் சுகம். ஒரு பக்கத்தில் பத்து எண் வைக்க முடியும் என்பதற்காக வைக்காதீர்கள். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு நாலு போதும்.

பளிச்சென்ற திரைக்குப் பேட்டரி விலை கொடுக்கும். கார்மின் கணக்கிலேயே எட்ஜ் 1040 35 மணி நேரம், பளிச்சென்ற திரை கொண்ட 1050 20 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஓட்டுபவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பி.ஆர்.எம். எனும் கெடு வைத்த நெடுந்தூர ஓட்டம் ஓட்டுபவர் கணக்குப் போட வேண்டும்: 200 கிலோமீட்டருக்கே 13 மணி 30 நிமிடம் வரை கெடு, 600-க்கு 40 மணி நேரம். ஓட்டத்தை நிறுத்தாமலே பவர் பேங்கில் சார்ஜ் ஏற முடிகிறதா என்று கேளுங்கள். சில கம்ப்யூட்டர்களில் சார்ஜ் துளை அடியில் இருக்கும், மவுண்டில் மாட்டியபடி கேபிள் நுழையாது.

ஒரே கம்பெனிக் குடும்பத்துக்குள் மாட்டிக்கொள்வதைப் பற்றியும் யோசியுங்கள். 2022-இல் கம்ப்யூட்டர் செய்யும் ஹேமர்ஹெட்டை, கியர் செய்யும் ஸ்ராம் வாங்கியது. அதே ஆண்டில் ஹேமர்ஹெட்டின் கரூ 2 கம்ப்யூட்டரிலிருந்து, ஸ்ராமின் போட்டியாளரான ஷிமானோவின் டி.ஐ.2 மின்னணு கியர் தொடர்பான வசதிகள் நீக்கப்பட்டன. பவர் மீட்டருக்கு அதில் பாதிப்பு இல்லை. ஆனால் கியர் எண்ணைத் திரையில் பார்க்கத்தான் அதை வாங்கினேன் என்றவர்களுக்குக் காசு கொடுத்து வாங்கிய வசதி ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் போய்விட்டது.

வாங்கப் போகும்போது சைக்கிளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெடல் மீட்டர் என்றால் அந்தப் பெடலோடு. பில் போடுவதற்கு முன்பே காட்சிக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் இணைத்துப் பாருங்கள்: அடையாள எண் சரியா, பூஜ்யமாக்க முடிகிறதா, மூன்று நொடிச் சராசரி இருக்கிறதா, லேப் பவர் இருக்கிறதா. பின் சக்கரத்தைத் தூக்கி மிதியைக் கையால் சுற்றினால் ஏழோ எட்டோ வாட்ஸ் வரும். அதை வாசலுக்கு, வெயிலுக்குக் கொண்டுபோய்ப் படிக்க முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கடைக்காரர் கொஞ்சம் முறைப்பார், பரவாயில்லை.