எதிர்காற்றிலும் கேட்கிற சைக்கிள் பெல்: குறைந்த விலையில் பார்த்து வாங்கிப் பொருத்துவது எப்படி

போன ஆனிச் சாரலில், புளியரைப் பக்கம் ஒரு வயல்பாதையில், சைக்கிளோடு நாற்றுக்குள் விழுந்தேன். முன்னால் ஒரு பாட்டையா குடை பிடித்து நடந்து போய்க்கொண்டிருந்தார். நாலு தடவை பெல் அடித்தேன். அந்த பெல் இணையத்தில் படம் பார்த்து ஆசைப்பட்டு 350 ரூபாய்க்கு வாங்கியது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு, கறுப்பு நிறம், பார்க்க அவ்வளவு லட்சணம். அது 'டிங்' என்றது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. பாட்டையா குடையைச் சாய்த்தபடி நடுப்பாதைக்கு வந்தார், நான் வயலுக்குள் போனேன். கைகொடுத்துத் தூக்கிவிட்டபடி அவர் கேட்டார்: "ஒரு பெல் அடிச்சிருக்கலாம்லா தம்பி?"

மறுநாள் செங்கோட்டையில் ஒரு பழைய சைக்கிள் கடையில் 90 ரூபாய்க்கு வேறு பெல் வாங்கினேன். அந்தக் கடை அண்ணாச்சி சொல்லிக்கொடுத்ததும், பிறகு நானே சோதித்துப் பார்த்ததும் கீழே இருக்கின்றன. புதிதாக சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், அதனால் எல்லாவற்றையும் அடியிலிருந்து சொல்கிறேன்.

படி 1: யார் காதுக்கு என்று முடிவு செய்யுங்கள்

நெடுஞ்சாலையில் லாரிக்காரருக்குக் கேட்க வேண்டும் என்று பெல் தேடினால், இப்போதே விட்டுவிடுங்கள். கண்ணாடி ஏற்றிய கேபினுக்குள் எந்த சைக்கிள் பெல்லும் போகாது. கேரள எல்லையிலுள்ள கோட்டைவாசல் மலையேற்றத்தில் நம்மைக் காப்பாற்றுவது பின்விளக்கும், சாலை ஓரமாகப் போவதும்தான். பெல் என்பது குளத்தங்கரை, வாய்க்கால் மேடு, வயல்பாதை, தெருச்சந்து இங்கெல்லாம் நடந்து போகிறவர்களுக்கு.

காலையில் குளத்தங்கரையில் நடப்பவர்களில் பாதிப்பேர் வயதானவர்கள். வயதாக ஆக, காது முதலில் விட்டுக்கொடுப்பது கீச்சென்ற உச்ச ஓசைகளைத்தான். சின்ன மூடி போட்ட பெல் பெரும்பாலும் கீச்சென்றுதான் ஒலிக்கும். மூடி பெரிதாக ஆக, ஓசை கொஞ்சம் கீழே இறங்கிக் கணீரென்று வரும். என் பொத்தான் பெல் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனை நகர வைத்திருக்கலாம்; பாட்டையாவுக்கு அது கேட்டிருக்க வழியே இல்லை.

படி 2: வகை

கடையில் கிடைப்பவை நாலு விதம்.

ஒன்று, 'ட்ரிங் ட்ரிங்' என்று அடிக்கும் பழைய பெல். பால்காரர், தபால்காரர் வண்டியில் பார்த்திருப்பீர்கள். கட்டைவிரலால் நெம்பைத் தள்ளினால் உள்ளே பல்சக்கரங்கள் சுழலும். கடைசிச் சக்கரத்தில் தொளதொளவென்று மாட்டிய இரண்டு வாசர்கள் சுழலும் வேகத்தில் வெளியே விரிந்து, மூடியின் உட்புறத்திலுள்ள மேடுகளில் மோதும். ஒரு தள்ளுக்குப் பத்துப் பதினைந்து அடி விழுகிறது. அதுதான் இதன் பலம். ஒற்றை அடியைக் காற்று தின்றுவிடலாம், தொடர்ந்து வரும் அடியில் ஏதாவது ஒன்று காதில் விழுந்துவிடும்.

இரண்டாவது, ஸ்பிரிங் வைத்த சுத்தியால் ஒரே ஒரு 'டிங்' அடிப்பது. இதில் நல்ல பித்தளை மூடி போட்டது கிடைத்தால் அருமையாக இழுத்து ஒலிக்கும். மலிவானதில் பெரும்பாலும் மூடி அலுமினியம், அளவும் சின்னது.

மூன்றாவது, ரப்பர் பந்தை அமுக்கினால் 'பாம் பாம்' என்கிற ஹாரன். சத்தத்தில் இதுதான் ராஜா, விலையும் ஒன்றும் பெரிதில்லை. நானும் ஒரு வாரம் மாட்டிப் பார்த்தேன். எங்கள் பக்கம் மீன்காரர்கள் அடிப்பதும் இதே ஹாரன்தான். ஒரு தெருவில் நான் அமுக்க, சட்டியோடு ஒரு அக்கா வெளியே வந்து "சாளை இருக்கா?" என்றார். கழற்றிவிட்டேன்.

நான்காவது, பேட்டரி ஹாரன். போலீஸ் சைரன், குருவி, ஆம்புலன்ஸ் என்று பத்து ராகம் பாடும். முதுகுக்குப் பின்னால் அதைக் கேட்டவர் திடுக்கிட்டு எந்தப் பக்கம் குதிப்பார் என்று சொல்ல முடியாது. சாரல் காலத்தில் மலிவானவற்றுக்குள் தண்ணீர் இறங்கி ஊமையாகிவிடும்.

முதல் வகையை வாங்குங்கள் என்பது என் கட்சி. இனி அதை வைத்தே சொல்கிறேன்.

படி 3: ஹேண்டில்பாரை அளந்துகொண்டு போங்கள்

கைப்பிடிக்குப் பக்கத்தில் பெரும்பாலான நேர் ஹேண்டில்பார்களின் விட்டம் 22.2 மில்லிமீட்டர். நடுவில், தண்டோடு சேரும் இடத்தில், பழைய வண்டிகளில் 25.4 இருக்கும், புதிய கியர் வண்டிகளில் பல 31.8. சாதாரண பெல்லின் கிளாம்ப், அதாவது ஹேண்டில்பாரைக் கவ்விப் பிடிக்கும் வளையம், 22.2-க்குத்தான் செய்யப்பட்டது. விட்டத்தை நேராக அளக்க வழியில்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி, அதன் நீளத்தை அளந்து 3.14-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், சுற்றளவு 7 சென்டிமீட்டர் வந்தால் சரி.

படி 4: கடையில் நின்று கேட்டு வாங்குங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இதுதான். இணையத்தில் வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுதான். ஒரே அட்டைப்பெட்டியில் வந்த இரண்டு பெல்கள்கூட ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. நாலைந்தை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு சின்னக் காந்தம். மூடியில் ஒட்டினால் இரும்பு, மேலே நிக்கலோ குரோமோ பூசியிருப்பார்கள். ஒட்டாவிட்டால் பித்தளையாகவோ அலுமினியமாகவோ இருக்கும். கையில் வைத்தாலே எடை காட்டிக்கொடுத்துவிடும். பித்தளை கிடைத்தால் நல்லது, துருப்பிடிக்காது, ஓசையும் நீளும். இரும்பு மூடி என்றால் ஒதுக்கிவிட வேண்டாம், தகடு கெட்டியாக இருந்தால் அதுவும் பிரமாதமாக அடிக்கும். என் 90 ரூபாய் பெல் இரும்புதான்.

அப்புறம் மூடியைத் திருகிக் கழற்றுங்கள். கடைக்காரர் முறைத்தால் சிரித்துவிட்டுக் கழற்றுங்கள். நடுவிலுள்ள திருகுப் பகுதியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, விளிம்பில் ஒரு ஸ்பேனரால் லேசாகத் தட்டுங்கள். கோவில் மணி மாதிரி இழுத்து ஒலிக்க வேண்டும். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். மூன்று எண்ணும் வரை நிற்கிற மூடியை எடுத்து வையுங்கள். 'டப்' என்று செத்துப்போவதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விளிம்பில் விரிசல் இருந்தால் கரகரவென்று பேசும், அதுவும் வேண்டாம்.

மூடியைக் கழற்றியிருக்கும்போதே உள்ளே பாருங்கள். பல்சக்கரம் பிளாஸ்டிக்கா இரும்பா? பிளாஸ்டிக் பல் தேய்ந்தால் நெம்பு வெறுமனே வழுக்கும். நெம்பை மெதுவாகத் தள்ளிவிட்டுப் பாருங்கள், ஸ்பிரிங் சட்டென்று திருப்பி இழுக்க வேண்டும்.

மூடியின் அகலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 5 சென்டிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள். 6 என்றால் தாராளம்.

கடைசிச் சோதனை கடைக்கு வெளியே. கூட வந்தவரை இருபத்தைந்து தப்படி தள்ளி முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள். பஸ் போகும் நேரமாகப் பார்த்து ஒவ்வொரு பெல்லாக அடியுங்கள், கேட்டால் கையைத் தூக்கட்டும். கடைக்குள் அடிக்கும்போது எல்லா பெல்லுமே சத்தம்தான், நாலு சுவர் எதிரொலிக்கும். போனில் டெசிபல் காட்டும் செயலி இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஒரே போன், ஒரே தூரம், எது கூடுதல் என்று தெரிந்தால் போதும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். காதுக்குப் பக்கத்தில் வைத்து அடித்துப் பார்த்து ஏமாறுவது இதனால்தான்.

படி 5: பொருத்துவது

வாங்கியதும் பாதி வேலைதான் முடிந்தது. நல்ல பெல்லைக் கெடுத்து மாட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூடியின் மேல் எதுவும் படக் கூடாது. பிரேக் கேபிள், கியர் கேபிள், ஹேண்டிலில் தொங்கவிட்ட பூமாலை, தூக்குப்பை, உங்கள் பெருவிரல் எதுவானாலும் சரி, தொட்ட மாத்திரத்தில் அதிர்வு நின்றுவிடும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். நேராக இருக்கும்போது விலகி நிற்கிற கேபிள் திருப்பும்போது வந்து உரசும்.

கைப்பிடியை விடாமல் கட்டைவிரல் நெம்புக்கு எட்ட வேண்டும். பெல் அடிக்கக் கையை நகர்த்த வேண்டியிருந்தால், அவசரத்தில் பிரேக்கா பெல்லா என்று தடுமாறுவீர்கள். ஒரு பக்கம் கியர் இருந்தால் மறுபக்கம் மாட்டுங்கள்.

கிளாம்ப் தளர்வாக இருந்தால் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி அதன்மேல் முறுக்குங்கள். ஆடுகிற பெல்லை நெம்பினால் பெல்லே சுற்றிக்கொண்டு போகும். மூடியை மட்டும் கையால் இறுக்கினால் போதும். அடிக்கும்போது அடைத்த மாதிரி இருந்தால் மூடியின் விளிம்பு கீழ்த்தட்டை உரசுகிறது என்று அர்த்தம். கழற்றி, நேராக உட்கார வைத்து மறுபடி மாட்டுங்கள்.

படி 6: அடிப்பது

மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறோம் என்றால் நொடிக்கு 4 மீட்டர். நமக்கு முன்னால் அதே திசையில் நடப்பவரை 25 மீட்டரில் இருக்கும்போது அடித்தால், அவர் திரும்பிப் பார்த்து ஒதுங்க எட்டொன்பது நொடி கிடைக்கும். 10 மீட்டரில் அடித்தால் மூன்றரை நொடிதான், அதில் பாதி திடுக்கிடுவதிலேயே போய்விடும்.

இதில் எங்கள் ஊர்க் காற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். குற்றால சீசனில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கேரள எல்லையிலுள்ள ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அள்ளிக்கொண்டு வரும். புளியரையிலிருந்து செங்கோட்டைக்குப் போகையில் காற்று முதுகில், பெல் ஓசையையும் முன்னால் எடுத்துக்கொண்டு போகும். திரும்பி வருகையில் எதிர்காற்று. முன்னால் போகிறவருக்கு நம் ஓசை எட்டுவதற்குள் காற்று அதை மேலே வளைத்துவிடும், போதாததற்கு அவர் காதில் காற்றின் இரைச்சல் வேறு. நான் விழுந்ததும் எதிர்காற்றில்தான். அந்தத் திசையில் வேகத்தைக் குறைத்து, பதினைந்து மீட்டரில் ஒருமுறை, பத்தில் இன்னொருமுறை அடிக்கிறேன்.

இரண்டு பேர் பேசிக்கொண்டு நடந்தால் உஷார். பெல் கேட்டதும் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுங்குவார்கள், அப்புறம் "இங்கிட்டு வா" என்று ஒருவர் கூப்பிட மற்றவர் நம் சக்கரத்துக்குக் குறுக்கே ஓடுவார். ஆட்டுக்கு பெல் புரியாது. காதில் இயர்போன் மாட்டிய தம்பிகளும் அப்படித்தான். காலை ஊன்றி வாயால் கூப்பிட வேண்டியதுதான். "அண்ணாச்சி, கொஞ்சம் ஓரமா" என்பது ஆரியங்காவு தாண்டியும் செல்லும். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை, இன்றைய கேரளத்துக்கு முந்தின திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு கிடந்த ஊர்தானே. கொல்லம் பக்கமும் மூத்தவரை 'அண்ணா' என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு, அது போதும்.

படி 7: மழைக்காலப் பராமரிப்பு

மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றித் துடையுங்கள். சக்கர அச்சுகளில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் அதைத்தான் விடுவார்கள். தூசியோடு சேர்ந்து பிசுபிசுத்து வாசர்களை ஒட்டவைத்துவிடும். இரும்பு மூடியின் உட்புறம் துரு தெரிந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

நல்ல மூடிக்கு ஒரு தொல்லை உண்டு, அது மற்றவர் கண்ணிலும் படும். பெல் மூடி திருட்டு நம் அப்பாக்கள் காலத்து சினிமா கொட்டகை சைக்கிள் ஸ்டாண்டிலிருந்தே இருக்கிறது. குற்றாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அருவிக்குப் போகும்போது மூடியைத் திருகி எடுத்துத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொள்கிறேன். திரும்பி வந்து மாட்டும்போது ஈரம் துடைத்துவிட்டு மாட்டுங்கள், ஒருதரம் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.