மூன்று நாள் தேடிய ஜப்பானியப் படம்: என் அனுபவம்

ஒஹாயோவின் கொலம்பஸில் இருக்கிறேன். ஒரு ஜப்பானியப் படம் அமெரிக்காவில் வெளியாகிவிட்டது என்று தெரியும். டிக்கெட் ஆப்பில் தேடினால் எங்கள் ஊரில் காட்சியே இல்லை. ஜப்பானியப் பெயரை உள்ளிட்டேன், ஆங்கிலப் பெயரையும் உள்ளிட்டேன். மால் தியேட்டர் ஒன்றுக்குப் போன் செய்தேன், பதிவுக் குரல்தான் பேசியது. இப்படியே மூன்று நாள் வீண்.

கடைசியில் டிரெய்லரின் முதல் சில நொடிகளைக் கவனித்தேன். அங்கே வருவது விநியோகஸ்தரின் பெயர்: ஜானஸ் பிலிம்ஸ். அவர்கள் தளத்தில் அந்தப் படத்தின் பக்கத்தில் எந்த ஊர், எந்த அரங்கு, எந்தத் தேதி என்று பட்டியல் இருந்தது. கினோ லோர்பர் என்ற இன்னொரு விநியோகஸ்தரும் இப்படிப் போடுகிறார்கள். கொலம்பஸுக்கு நேராக வெக்ஸ்னர் கலை மையம், ஒரே ஒரு மாலை! பல்கலைக்கழக அரங்கு; டிக்கெட்டைத் தன் தளத்திலேயே விற்கிறது. ஆப்பில் அது தெரியாததற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்று: இங்கே தியேட்டர் வாரம் வெள்ளி முதல் வியாழன் வரை. அடுத்த வாரப் படங்கள் பெரும்பாலும் திங்களன்றுதான் முடிவாகின்றன. ஞாயிறன்று தேடிவிட்டு 'இல்லை' என்று விட்டுவிடாதீர்கள், புதனன்று மறுபடி பாருங்கள். இங்குள்ள டிரெக்ஸல், கேட்வே ஆகிய இரண்டு தியேட்டர்களின் காட்சிப் பட்டியலையும் இப்போது அப்படித்தான் பார்க்கிறேன்.

படத்தைப் பெரிய திரையில் பார்த்துவிட்டேன், நிம்மதி.