சென்னையில் இரண்டு நாள் உறவினர் வீட்டுப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளிக்கிழமை இரவு மதுரையிலோ திருச்சியிலோ பேருந்து ஏறி, சனி, ஞாயிறு இரண்டு நாளும் சென்னையிலுள்ள சொந்தபந்தங்களையும் நண்பர்களையும் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை காலை வேலைக்குத் திரும்ப நினைப்பவர்கள் செய்யும் முதல் தவறு, போக வேண்டிய வீடுகளை மட்டும் எழுதிக்கொண்டு அவை எந்தெந்தத் திசையில் இருக்கின்றன என்று பார்க்காமல் விடுவதுதான். தாம்பரத்தில் அத்தை, அம்பத்தூரில் சித்தப்பா, திருவொற்றியூரில் கல்லூரித் தோழர் என்று இருந்தால், ஒரே நாளில் மூவரையும் பார்க்க முயல்வது மூவருக்கும் செய்யும் அநியாயம். பாதி நாள் சாலையிலேயே போய்விடும். எந்த வீட்டிலும் நிம்மதியாக உட்கார்ந்து பேச முடியாது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வீடுகளை ஒரு நாளிலும், பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி வீடுகளை இன்னொரு நாளிலும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நாளும் ஒரே புறநகர் ரயில் பாதையில் போய்வரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்கள் குறைவு என்பதால் அன்றைய கால அட்டவணையைத் தனியாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

தென் மாவட்டங்களிலிருந்து வரும் அரசு விரைவுப் பேருந்துகள் இப்போது, 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்துக்குத்தான் வருகின்றன. பழைய நினைவில், அழைத்துப்போக வரும் மாமாவை விடியற்காலையில் கோயம்பேட்டில் நிற்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பயணங்களில் மனக்கசப்பு பெரும்பாலும் சாப்பாட்டை ஒட்டித்தான் வருகிறது. "எங்களுக்காக ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று சொல்வதை நாம் மரியாதை என்று நினைக்கிறோம். வீட்டாருக்கு அது பெரும் சங்கடம். சாப்பிட வருகிறார்களா, எத்தனை பேர், எந்த வேளைக்கு என்று எதுவும் தெரியாமல், எல்லா வேளைக்கும் சேர்த்துச் சமைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சனிக்கிழமை காலைப் பலகாரத்துக்கு வருகிறோம் என்பதை வெள்ளிக்கிழமை காலையிலேயே சொன்னால்தான், அன்று மதியம் அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து, மாலையில் அரைத்து, இரவு முழுவதும் மாவைப் புளிக்கவிட முடியும். பேருந்தில் ஏறிய பிறகு சொன்னால் அத்தை கடை மாவு வாங்கி இட்லி ஊற்றுவார். அது நன்றாகவே இருந்தாலும், நம் கையால் அரைத்துப் போடவில்லையே என்று அவருக்கு மனத்தாங்கல் இருக்கும்.

அசைவம் எதிர்பார்ப்பவர்கள் நாளையும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை கறி, மீன் சமைக்காத வீடுகள் ஏராளம். புரட்டாசியில் பல வீடுகளில் மாதம் முழுவதுமே கிடையாது. அமாவாசை, கிருத்திகை விரதங்களும் உண்டு. ஞாயிறு மதியம் மீன் குழம்பு வேண்டுமென்றால், உரிமையுள்ள வீட்டில் சனிக்கிழமையே கேட்டுவிடலாம். ஞாயிறு விடியற்காலையிலேயே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கூட்டம் அலைமோதும். நேரம் கழித்துப் போனால் மிஞ்சியதைத்தான் வாங்கிவர வேண்டியிருக்கும்.

திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயின் சாம்பார் இட்லியையோ மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸின் பொங்கலையோ தவறவிடக் கூடாது என்று நினைப்பதில் தவறே இல்லை. காலை பத்து மணிக்கு அங்கே வயிறார உண்டுவிட்டு, பன்னிரண்டரைக்குச் சித்தி போட்ட இலையின்முன் உட்கார்ந்து "போதும், போதும்" என்பதுதான் தவறு. மதிய விருந்து ஒரு வீட்டில் என்றால், உணவகத்தை மறுநாள் காலை நண்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ராயர் மெஸ் சிறிய இடம். வெளியே காத்திருப்பவர்கள் இருக்கையில் அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க முடியாது. சாப்பிட்டுவிட்டுக் கபாலீசுவரர் கோயில் பக்கம் நடந்து போய்ப் பேசலாம். நண்பகலில் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள் என்பதால் தரிசனத்தை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

துக்கம் விசாரிக்க வேண்டிய வீடு ஒன்று இருந்தால், அதை விருந்துக்குப் போகும் வழியில் செருகிவிடாதீர்கள். துக்க வீட்டிலிருந்து நேராக இன்னொரு வீட்டுக்குள் நுழைவதைப் பெரியவர்கள் பலர் விரும்புவதில்லை. குளித்து உடை மாற்ற இடமும் நேரமும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து கிளம்பும்போது "போய்விட்டு வருகிறேன்" என்று சொல்லும் வழக்கம் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

கையில் கொண்டுபோவதற்கு, சர்க்கரை நோயுள்ள பெரியவர் இருக்கும் வீடென்றால் இனிப்புப் பெட்டியை விட முறுக்கோ சீடையோ மேல்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தி.நகர் ரங்கநாதன் தெருவில் கொஞ்சம் துணி எடுத்துக்கொண்டு அப்படியே ரயிலேறலாம் என்று எண்ணுவது, ரயிலைத் தவறவிடும் வழி. கடைசியாகப் போகும் வீடு தாம்பரம் பக்கம் என்றால் எழும்பூருக்குத் திரும்பிவர வேண்டியதில்லை; தெற்கே போகும் பல விரைவு ரயில்கள் தாம்பரத்தில் நிற்கும் என்பதால், முன்பதிவு செய்யும்போதே ஏறும் நிலையமாகத் தாம்பரத்தைக் குறித்துவிடலாம். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. ரயில் நேரத்தை வீட்டாரிடம் காலையிலேயே சரியாகச் சொல்லிவிடுங்கள். இரவுக்குப் புளிச்சாதம் கட்டித் தர நினைப்பவர் அதைக் கிளறி, ஆறவைத்து, இலையில் பொட்டலம் கட்ட வேண்டும். கிளம்பும் நேரத்தில் அவசரப்படுத்தினால் சூட்டோடு கட்டிய சாதம் வழியிலேயே வியர்த்துப்போகும்.