நெல்லு ஏத்துன கூட்ஸ் வண்டியை பாக்கப் போறது எப்படி? டெல்டாவுல மொதல் தடவை போறவங்களுக்கு

ஐப்பசி கடைசியில இருந்து மார்கழி வரைக்கும் தஞ்சாவூர் - திருவாரூர் லைன் ஓரமா நிக்கிறதுதான் வருசத்துலயே எனக்கு ரொம்பப் புடிச்ச நேரம். ரெண்டு பக்கமும் சம்பா பச்சைப்பசேல்னு நிக்கும், அதுக்கு நடுவுல குறுவையில அறுத்த நெல்லு மூட்டை மூட்டையா ரயிலேறி அரவைக்கு வெளி மாவட்டத்துக்குப் போகும். எக்ஸ்பிரஸ் வண்டிய படம் புடிக்க நெறைய பேர் இருக்காங்க, நம்ம நெல்லு போற வண்டிய நின்னு பாக்கத்தான் ஆள் இல்ல, அதான் எழுதுறேன்.

மொதல்ல, வண்டி எப்ப கெளம்பும்னு கண்டுபுடிக்கணும். எக்ஸ்பிரஸ் எங்க வருதுன்னு பாக்குற ஆப்ல கூட்ஸ் வண்டி வராது. அதனால லாரியப் பாருங்க. ரயில்வே ஸ்டேசன் கூட்ஸ் ஷெட்டுக்குப் போற ரோட்டுல தார்ப்பாய் கட்டுன நெல்லு லாரிங்க வரிசையா நின்னா உள்ள லோடு ஏறுதுன்னு அர்த்தம். காலையில வரிசை நீளமா இருந்தா சாயங்காலமோ ராத்திரியோதான் கெளம்பும். நடுவுல மழை புடிச்சிக்கிச்சுன்னா மூட்டை நனைஞ்சிரும்னு வேலைய நிறுத்திருவாங்க, கார்த்திகை அடைமழையில இது அடிக்கடி நடக்கும், பொறுமையா இருங்க.

இடம்னா நான் சொல்றது நீடாமங்கலம். மன்னார்குடி லைன் வந்து சேர்ற ஜங்ஷன், இஞ்சினை கழட்டி மறுபக்கம் மாட்டுற வேலையும் இங்க நடக்கும், அதனாலதான் அந்த ஊரு ரயில்வே கேட்டு அவ்வளவு நேரம் மூடியே கெடக்கும். பஸ்ல உக்காந்திருக்கவங்களுக்கு அது கஷ்டம்தான், ஆனா வண்டி மெதுவா நகர்றதை பக்கத்துல பாக்க இதைவிட நல்ல எடம் கெடையாது. கூட்டம் வேணாம்னா கோயில்வெண்ணி, சாலியமங்கலம் பக்கம் போங்க. ஒத்தை லைன், எதிர்ல எக்ஸ்பிரஸ் வந்தா கூட்ஸை லூப்ல, அதாவது ஸ்டேசன்ல பக்கத்துல இருக்குற கிளை லைன்ல, போட்டு நிறுத்திருவாங்க, அரை மணி நேரம்கூட நிதானமா பாக்கலாம். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கங்க, மஞ்சக் கோட்டுக்குப் பின்னாடியே நில்லுங்க. தண்டவாளத்துல எறங்கவே எறங்காதீங்க, 1989 ரயில்வே சட்டம் 147வது பிரிவுல அது குற்றம், அதைவிட முக்கியம் உங்க உசுரு.

இப்ப அடையாளம். இதே லைன்ல காரைக்கால் துறைமுகத்துல இருந்து நிலக்கரி வண்டியும் வரும், மொதல் தடவை பாக்குறவங்க ரெண்டையும் ஒண்ணுன்னு நெனைச்சிருவாங்க. நிலக்கரி போறது மேல தொறந்த வேகன், பாக்ஸ்என் (BOXN)னு எழுதியிருக்கும். நெல்லு போறது கூரை போட்டு கதவு வச்ச மூடுன வேகன், பிசிஎன் (BCN)னு ஆரம்பிக்கும். சரி, உள்ள லோடு இருக்கா காலியான்னு எப்படி தெரியும்? சக்கரத்துக்கு நடுவுல இருக்குற சுருள் ஸ்பிரிங்கை பாருங்க. லோடு இருந்தா வளையத்துக்கு வளையம் நெருங்கி அமுங்கிக் கெடக்கும், காலி வேகன்னா இடைவெளி நல்லா தெரியும். சத்தமும் வேற, காலி வண்டி தகரம் தட்டுற மாதிரி கடகடன்னு போகும், லோடு வண்டி தரையையே அழுத்திக்கிட்டு தடக்... தடக்னு போகும், கால்ல அதிர்வு ஏறும். கதவு இடுக்குல சிந்துன நெல்லு ஒட்டிக்கிட்டு இருக்கும், வண்டி நின்னா மைனாவும் புறாவும் அடியில மேயும். எனக்கு அந்தக் காட்சி சலிக்கவே சலிக்காது.

அடுத்து எண்ணுங்க. பெரும்பாலும் 42 வேகன் வரும், அதுல ஏறுறது சுமாரா 2000 டன். கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ, அப்ப 50,000 மூட்டை! ஏக்கருக்கு 50 மூட்டைன்னு வச்சா ஆயிரம் ஏக்கரு வெள்ளாமை உங்க கண்ணு முன்னாடி போகுது. அத்தனையும் ஒவ்வொரு மூட்டையா மனுசன் தலையில சொமந்து ஏத்துனது, அதையும் மனசுல வச்சிக்கிட்டு பாருங்க.

வேகன் மேல 11 இலக்க நம்பர் இருக்கும். மொதல் ரெண்டு இலக்கம் 30ல இருந்து 39க்குள்ள இருந்தா மூடுன வேகன். அஞ்சாவதும் ஆறாவதும் செஞ்ச வருசம், 14ன்னா 2014. இஞ்சின்ல எழுதியிருக்குற எழுத்துல W-ன்னா அகலப்பாதை, A-ன்னா மின்சாரம், D-ன்னா டீசல், G-ன்னா கூட்ஸ். டபிள்யூஏஜி-9 (WAG-9) வந்தா 6120 குதிரைத்திறன், லோடை இழுத்து மொத மொத நகர்றப்ப வேகனுக்கு வேகன் மாட்டியிருக்குற கப்ளிங் ஒவ்வொண்ணா இழுபடுற சத்தம் முன்னாடியிருந்து கடைசி வரைக்கும் ஓடி வரும், அதைக் கேக்காம வந்துராதீங்க.

கடைசியில கார்டு வண்டி வரும். கை காட்டுங்க, பெரும்பாலும் அதுல இருக்குறவரும் காட்டுவார். அப்புறம் ஒரு நோட்டுல தேதி, எடம், இஞ்சின் நம்பர், எத்தனை வேகன், லோடா காலியா, எந்தப் பக்கம் போச்சு, மழையா வெயிலா எல்லாத்தையும் அங்கயே நின்னு எழுதிருங்க, வீட்டுக்குப் போய் எழுதலாம்னா பாதி மறந்துரும்.