பழைய வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒரு சிறு ரிலே

அமெச்சூர் வானொலியில் (ஹாம் ரேடியோ) பயன்படும் ஹீத்கிட் எஸ்பி-220 போன்ற பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரின் ரிலே முனையை (தரையுடன் இணைத்தால் அதை அலைபரப்புக்கு மாற்றும் முனை) இன்றைய டிரான்சீவருடன் (அலைபரப்பியும் ஏற்பியும் சேர்ந்த கருவி) நேரடியாக இணைக்காமல், இடையில் ஒரு 12 வோல்ட் ரிலேயை (சுருளில் மின்சாரம் பாயும்போது தொடுமுனைகளை இணைக்கும் மின்காந்தச் சுவிட்ச்) வைத்து, அதன் சுருளை டிரான்சீவர் இயக்கவும் அதன் தொடுமுனைகள் ஆம்ப்ளிஃபயரின் முனையைத் தரையுடன் இணைக்கவும் வகைசெய்யுங்கள். அந்த முனையில் சுமார் 120 வோல்ட் டிசி நிற்கிறது. ஐகாம் ஐசி-7300 டிரான்சீவரில் ஆம்ப்ளிஃபயரை இயக்கும் செண்ட் முனைக்கோ 16 வோல்ட்தான் உச்சவரம்பு. தொடுமுனைகளுக்கும் சுருளுக்கும் மின்தொடர்பே இல்லை என்பதால், ஹீத்கிட் எஸ்பி-200 இல் உள்ளதுபோல் ஆம்ப்ளிஃபயர் முனையில் மைனஸ் மின்னழுத்தம் இருந்தாலும் கவலையில்லை. சுருளின் குறுக்கே 1என்4007 டையோடை, அதன் கோடிட்ட முனை பிளஸ் பக்கம் இருக்குமாறு, கட்டாயம் பொருத்துங்கள். இல்லையேல் சுருள் அணையும் கணத்தில் எழும் மின்னழுத்தத் தாவலே டிரான்சீவரைக் கெடுத்துவிடக்கூடும். மோர்ஸ் புள்ளிகளுக்கு இடையிலேயே எதிர்முனையைக் கேட்கும் முழு பிரேக்-இன் முறைக்கு ரிலேயின் வேகம் போதாது என்பதால், அங்கே இந்த வழி பொருந்தாது.